பேசிக் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு 36 வயது. அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். 2014-ல் திறன் டெஸ்ட் அடித்து சிங்கப்பூர் போனேன், கட்டுமானக் கம்பெனி. 2020-ல் கொரோனா வந்தபோது நான்கு மாதம் டார்மிட்டரிக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். ஏப்ரல் முதல் ஜூலை வரை கம்பெனி சாப்பாடு போட்டது, சம்பளம் பாதிதான் வந்தது. 2021 பிப்ரவரியில் அப்பா காரியத்துக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போக முடியவில்லை, வொர்க் பெர்மிட்டும் கேன்சல் ஆகிவிட்டது. இப்போது ஒரு ஏஜென்ட், "பழைய ஆள்தானே, உடனே எடுத்துவிடலாம்" என்கிறார். 2 லட்சத்து 80 ஆயிரம் கேட்கிறார். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 450 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அலவன்ஸ், ஓடி (ஓவர்டைம்) எல்லாம் சேர்த்து 1000 வெள்ளி வரும் என்கிறார். நான் கடைசியாக வாங்கிய பேசிக் 650. என் மனைவிக்குச் சம்மதம் இல்லை, "மறுபடியும் ஒரு நோய் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறாள். எனக்கும் அந்த ரூம் நினைவு வந்தால் ராத்திரி தூக்கம் போய்விடுகிறது. அந்த நான்கு மாதச் சம்பள பாக்கியை இப்போது கேட்க முடியுமா? திரும்பப் போகலாமா, வேண்டாமா? என் மச்சான் அங்கேதான் வேலை பார்க்கிறான், அவனுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, வணக்கம். கசப்பான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 சம்பள பாக்கியை இனிச் சட்டப்படி கேட்க முடியாது. சிங்கப்பூரில் சம்பளப் புகாருக்குக் காலக்கெடு உண்டு. வேலையில் இருக்கும்போது புகார் கொடுத்தால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடம், வேலையை விட்டு வந்துவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம், அவ்வளவுதான். உங்களுக்கு அந்த ஆறு மாதம் 2021-லேயே ஊரில் உட்கார்ந்திருக்கும்போதே ஓடிவிட்டது. இப்போது யாராவது "பத்தாயிரம் கொடு, பழைய பாக்கியை வாங்கித் தருகிறேன்" என்று வந்தால் நம்பாதீர்கள். அப்படி ஏமாந்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் உண்டு, பாக்கியும் போய் அந்தப் பத்தாயிரமும் போய்.

கெடு தாண்டாமல் இருந்திருந்தாலும் உங்கள் வழக்கு சுலபமாக இருந்திருக்காது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கும் பதில் கிடைக்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முடிந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

2020 ஏப்ரல் 5-ஆம் தேதி பொங்கோலில் இருக்கும் எஸ்11, தோ குவானில் இருக்கும் வெஸ்ட்லைட் என்று இரண்டு பெரிய விடுதிகளைத் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவித்தார்கள். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 பேர். ஏப்ரல் 7-ல் நாடு முழுக்க சர்க்கிட் பிரேக்கர் என்கிற ஊரடங்கு ஆரம்பித்தது. ஏப்ரல் 20-ஆம் தேதி ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று, அதில் மிகப் பெரும்பாலோர் விடுதித் தொழிலாளர்கள். அப்போது விடுதிகளில் இருந்தவர்கள் மொத்தம் 3 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல். அந்த வருடம் டிசம்பரில் அரசாங்கமே வெளியிட்ட கணக்குப்படி, விடுதிவாசிகளில் 47 சதவீதம் பேருக்கு அந்தக் கிருமி வந்து போயிருந்தது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்ததே தெரியாமல். விடுதிக்கு வெளியே இருந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வரவில்லை. ஒரே ஊர், ஒரே கிருமி, ஒரே மருத்துவமனைகள். ஆனால் ஒரு பக்கம் பாதிப் பேர், இன்னொரு பக்கம் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

உங்களுக்கு அந்த ரூம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 12 பேர், 16 பேர், சில இடங்களில் அதற்கு மேலும், இரண்டடுக்குக் கட்டில், கட்டில் கம்பியைச் சுற்றி லுங்கியும் துண்டும் தொங்கும், அதுதான் ஒவ்வொருவருக்கும் திரை. ஷூவெல்லாம் வாசலில் குவிந்து கிடக்கும். ஆளுக்கு 4.5 சதுர மீட்டர் என்று விதி இருந்தது, அதிலும் சமையலறை, கழிப்பறை எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. அந்த இடத்தில் ஒருவருக்கு ஒருவர் ஒரு மீட்டர் தள்ளி இருங்கள் என்று சொன்னால் எங்கே போய்த் தள்ளி இருப்பது? முதல் வாரங்களில் கேட்டரிங் சாப்பாடு நேரம் தப்பி வந்ததும் கழிப்பறை அடைத்துக்கொண்டதும் அங்கே செய்தித்தாள்களிலேயே வந்தவை.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் விடுதித் தொழிலாளர்கள் நோயால் கொத்துக்கொத்தாகச் சாகவில்லை. வைத்தியம் நன்றாகப் பார்த்தார்கள், செலவையும் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது, விடுதிகளுக்குள்ளேயே மருத்துவர்களை அனுப்பினார்கள். நீங்கள் எல்லாம் பெரும்பாலும் இளவயது, அதுவும் காப்பாற்றியது. அப்படியென்றால் உங்களைப் போட்டு அமுக்கியது எது?

உங்கள் கட்டில், உங்கள் சம்பளம், நீங்கள் அந்த நாட்டில் இருக்கலாம் என்கிற பெர்மிட், வேறு கம்பெனிக்கு மாறலாமா என்கிற அனுமதி, இந்த நான்கும் ஒரே ஆள் கையில் இருந்தன. அந்த ஆள் உங்கள் முதலாளி. அவருடைய சைட் நின்றது, நான்கும் சேர்ந்து ஆட்டம் கண்டன. உள்ளூர்க்காரர் ஒருவருக்கு வேலை போனால் வேலை மட்டும்தான் போகும், வீடு இருக்கும், நாடு இருக்கும், அடுத்த வேலை தேடலாம். உங்களுக்கு வேலை போனால் படுக்கையும் போகும், அப்புறம் டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே ஊரில் ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் மட்டும் எங்கேயும் போகாது. இது தெரிந்தவன் எப்படி வாயைத் திறந்து "பாதிச் சம்பளம் ஏன்?" என்று கேட்பான்? உங்கள் வழக்கு சுலபமாக இருந்திருக்காது என்று சொன்னது இதனால்தான்.

அந்தச் சமயத்தில் மனிதவள அமைச்சு என்ன சொன்னது என்று பாருங்கள். தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு. சரி, அது நல்ல விதி. ஆனால் நோயும் இல்லை, தனிமைப்படுத்தும் ஆணையும் இல்லை, சைட் மூடியிருப்பதால் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால், சாப்பாடும் இடமும் முதலாளி பொறுப்பு, சம்பளத்தை இருவரும் பேசி ஒத்துக்கொள்ளலாம் என்பதுபோல ஒரு இடைவெளி இருந்தது. பேசி ஒத்துக்கொள்வது என்றால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பேப்பரை நீட்டியிருப்பார்கள், அல்லது வாட்சப்பில் ஒரு மெசேஜ் வந்திருக்கும், எல்லோரும் ஓகே போட்டிருப்பீர்கள். அந்த ஓகேதான் பிறகு அவர்களுக்குச் சாட்சி. இத்தனைக்கும் அந்த ஏப்ரல், மே மாதங்களில் வெளிநாட்டு ஆள் வைத்திருப்பதற்காக முதலாளிகள் மாதாமாதம் கட்ட வேண்டிய லெவி என்ற வரியை அரசாங்கம் தள்ளுபடி செய்தது, அதற்கு மேல் பெர்மிட்காரர் ஒருவருக்கு 750 வெள்ளி என்று கையிலும் கொடுத்தது. உங்கள் தலையை எண்ணி வந்த பணம் அது. அதை ஒழுங்காகத் தொழிலாளிக்குச் சேர்த்த முதலாளிகளும் இருந்தார்கள், எல்லோரையும் ஒரே மாதிரி பேசக்கூடாது. உங்களுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்து இரண்டாவது அடி, அது ஊருக்கு வந்த பிறகு விழுந்தது. 2021 ஏப்ரல் 23 இரவோடு இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு சிங்கப்பூர் கதவை மூடியது, அக்டோபர் கடைசியில்தான் திறந்தது. அந்த ஆறு மாதத்தில் வேலைச் சந்தை தலைகீழாக மாறிவிட்டது. 2020 நடுவில் வேலையில்லாமல் ஆட்கள் கட்டிலில் கிடந்தார்கள், 2021 நடுவில் சைட்டில் வேலை குவிந்து கிடக்கிறது, ஆள் இல்லை. அங்கேயே இருந்தவர்களை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனி கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்தது. இரண்டு பேருக்கும் ஒரே அனுபவம், ஒரே சான்றிதழ். அப்பா காரியத்துக்கு வந்த குற்றத்துக்காக நீங்கள் வெளியே நின்றீர்கள், உங்கள் பக்கத்துக் கட்டில்காரர் உள்ளே இருந்து சம்பளம் ஏறி வாங்கினார். கொள்ளை நோய் வெளிநாட்டு வேலையை இப்படித்தான் கலைத்துப் போடுகிறது, எல்லையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதே உங்கள் விலையை முடிவு செய்கிறது.

இன்னொன்று, இது வளைகுடாவைப் பற்றியது. 2020 செப்டம்பரில் நம் இந்திய அரசே, வளைகுடா நாடுகளுக்குப் போகும் தொழிலாளிக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு சம்பளம் இருந்தால்தான் அனுப்புவோம் என்று வைத்திருந்த தொகையை இறக்கிவிட்டது. வேலை போய்விடக்கூடாது என்று காரணம் சொன்னார்கள். தெலங்கானாவில் வழக்குப் போட்டார்கள், 2021 ஜூலையில் பழைய தொகைக்குத் திரும்பினார்கள். சிங்கப்பூருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் ஏன் சொல்கிறேன் என்றால், நோய்க் காலத்தில் "இப்போதைக்கு" என்று இறக்கிய சம்பளம் தானாக ஏறுவதில்லை, யாராவது கேட்டால்தான் ஏறுகிறது. உங்கள் ஏஜென்ட் 450 என்று சொல்வதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அந்த 450-க்கு வருவோம். "எல்லாம் சேர்த்து 1000 வரும்" என்பது ஏஜென்ட் வார்த்தை. அதைப் பிரித்துப் பாருங்கள். ஓடி கணக்கு பேசிக்கை வைத்துத்தான், அலவன்ஸை வைத்து இல்லை. மாத பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52 வாரம் 44 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி, அதில் ஒன்றரை மடங்கு ஓடி. 450 பேசிக் என்றால் மணிக்கு 2 வெள்ளி 36 காசு, ஓடி 3 வெள்ளி 54 காசு. 650 என்றால் ஓடி 5 வெள்ளி 11 காசு. சட்டம் மாதத்துக்கு 72 மணி நேரம் வரைதான் ஓடி அனுமதிக்கிறது, அது முழுசாகக் கிடைத்தாலும் 450-காரருக்கு 255 வெள்ளி, 650-காரருக்கு 368 வெள்ளி. அதே வேலை, அதே வெயில், மாதம் 113 வெள்ளி வித்தியாசம் ஓடியில் மட்டும். 450-ம் 255-ம் சேர்ந்து 705. மீதி கிட்டத்தட்ட முன்னூறு அலவன்ஸ் என்கிறார். அந்த அலவன்ஸ் ஐபிஏ-வில், அதாவது பெர்மிட்டுக்கு முன்னால் வரும் ஒப்புதல் கடிதத்தில், நிலையான அலவன்ஸாக எழுதியிருக்கிறதா, அல்லது வேலைக்கு வந்தால், சைட்டில் இருந்தால், மேனேஜர் மனசு வைத்தால் கிடைப்பதா?

இப்போது 2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். முதலில் போனது ஓடி, அடுத்து போனது சைட் அலவன்ஸ். மிஞ்சி நின்றது பேசிக் ஒன்றுதான், அதிலும் உங்களுக்குப் பாதி. நோய் வந்தாலும் சரி, கம்பெனிக்கு பிராஜெக்ட் இல்லாமல் போனாலும் சரி, காலில் அடிபட்டு நீங்கள் விடுப்பில் இருந்தாலும் சரி, பேசிக் ஒன்றைத்தான் நம்பி நிற்க வேண்டும். அதனால் வெளிநாட்டு வேலையை எடை போடும்போது ஓடியை மறந்துவிட்டு பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன்.

போட்டுப் பார்ப்போம். 450-ல் கேட்டரிங்குக்கு 150 போகும் என்று வையுங்கள், போன், சோப்பு, அவசரம் என்று இன்னொரு 50. மிச்சம் 250 வெள்ளி. வெள்ளி 65 ரூபாய் என்றால் 16,250 ரூபாய். ஏஜென்டுக்குக் கொடுக்கும் 2 லட்சத்து 80 ஆயிரத்தை ஊரில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 5,600 வட்டிக்கே போகும். பாக்கி 10,650. அதில் வீடும் நடக்க வேண்டும், அசலும் அடைய வேண்டும். நடக்காது தம்பி. ஓடி நின்ற இரண்டாவது மாதமே உங்கள் மனைவி வட்டிக்காரரிடம் தவணை கேட்டு நிற்க வேண்டியிருக்கும். அவர் பயப்படுவதில் ஒரு தப்பும் இல்லை, அந்த நான்கு மாதமும் இங்கே வீட்டை நடத்தியவர் அவர்தானே.

அப்படியானால் போகவே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த ஆஃபருக்குப் போகாதீர்கள் என்கிறேன். உங்கள் கையில் நீங்களே கவனிக்காத ஒரு பலம் இருக்கிறது. ஏழு வருட அனுபவம் உங்களுக்கு. பழைய பெர்மிட்டில் உங்களை ஹையர் ஸ்கில்டு (கூடுதல் திறன் உள்ளவர்), அதாவது ஆர்1 என்று போட்டிருந்தார்களா, கோர்டிரேட் என்கிற கட்டுமானத் திறன் டெஸ்ட் ஏதாவது அடித்திருந்தீர்களா என்று பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத்தில் நம் ஊர் ஆர்1 ஆளுக்கு முதலாளி கட்டும் லெவி மாதம் 500 வெள்ளி, சாதாரண ஆளுக்கு 900. உங்களை ஆர்1 ஆக எடுத்தால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அப்படி ஒரு ஆளுக்கு 650-லிருந்து 450-க்கு இறக்குவது எந்த ஊர் நியாயம்? பதிவு காலாவதி ஆகியிருந்தால் எப்படிப் புதுப்பிப்பது என்று கேளுங்கள், பழைய சான்றிதழ்களைப் பெட்டியிலிருந்து தேடி எடுங்கள். உங்களோடு வேலை செய்து இப்போதும் அங்கே இருக்கிற சூப்பர்வைசர், ஃபோர்மேன் யாராவது இருந்தால் ஏஜென்டை விட்டுவிட்டு அவர்களிடம் நேராகப் பேசுங்கள். ஏஜென்ட் இல்லாமல் பழைய ஆட்கள் மூலமாகப் போனவர்கள் கடன் இல்லாமல் போகிறார்கள், கடன் இல்லாதவனுக்கு வாய் திறக்கிற தைரியம் இருக்கிறது.

ஏஜென்ட் காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் சட்டப்படி அங்கே இருக்கிற ஏஜென்சி தொழிலாளியிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக்கூடாது. வேலை கொடுப்பதற்காக முதலாளி உங்களிடம் காசு வாங்கினால் அது குற்றம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வரைதான் வாங்கலாம். உங்களிடம் கேட்பது அதைப் போல ஒன்பது மடங்கு. பதிவு எண்ணைக் கேளுங்கள், இந்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எண் கேட்டாலே பாதிப் பேர் போனை எடுக்க மாட்டார்கள். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பத்தாவது முடிக்காதவர்கள் போனால் குடிபெயர்வு அலுவலகத்தில் பதிந்து, கட்டாயக் காப்பீடு எடுத்துத்தான் போக வேண்டும். சிங்கப்பூர் அந்த 18 நாடுகள் பட்டியலில் இல்லை. அதனால் நீங்கள் போனதும் வந்ததும் அந்தப் பதிவேட்டில் ஏறவே ஏறாது. இது பெரிய ஓட்டை என்று நான் நினைக்கிறேன், இவ்வளவு பேர் நம் மாவட்டங்களிலிருந்து போகிற நாடு அது. போவதாக இருந்தால் நீங்களாகவே அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

ஐபிஏ வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வந்தால் அதில் எல்லாம் எழுதியிருக்கும், தமிழிலும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு: பேசிக், நிலையான அலவன்ஸ், மாதா மாதம் கட்டிங் (பிடித்தம்) எவ்வளவு, எதற்கு. அதில் எழுதிய சம்பளத்தை உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல், அமைச்சுக்குத் தெரிவிக்காமல் முதலாளி குறைக்க முடியாது. அதனால்தான் அங்கே போனதும் ஏதாவது பேப்பரில் கையெழுத்துக் கேட்டால் என்ன என்று புரியாமல் போடாதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் உங்களிடமே இருக்கட்டும். டைம் கார்டை தினமும் போனில் படம் எடுத்து அன்றைக்கே மனைவிக்கு அனுப்பிவிடுங்கள், உங்கள் போன் தொலைந்தாலும் அவரிடம் இருக்கும். பணம் அனுப்புவதற்கும் வங்கி ஆப் வழியாகப் பழகிக்கொள்ளுங்கள். 2020-ல் கையில் சம்பளம் இருந்தும் தேக்கா (லிட்டில் இந்தியா) போய்ப் பணம் கட்ட முடியாமல், உண்டியல்காரரையும் பார்க்க முடியாமல் எத்தனை பேர் தவித்தார்கள்.

சரி, மறுபடியும் ஒரு நோய் வந்தால்? சில விஷயங்கள் மாறியிருக்கின்றன, அதைச் சொல்லாமல் பயமுறுத்துவது நியாயம் இல்லை. 2021 செப்டம்பருக்குப் பிறகு கட்டுகிற புது விடுதிகளில் ஒரு ரூமுக்கு அதிகபட்சம் 12 பேர், பொது இடம் போக ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர். ஏழு படுக்கையோ அதற்கு மேலோ இருக்கிற எந்த விடுதியும் 2023 ஏப்ரலிலிருந்து உரிமச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு 15,000 வெள்ளியாக இருந்தது, 2023 ஜூலை முதல் 60,000. விடுதியில் இருப்பவர்களுக்குச் சாதாரண வைத்தியத்துக்கும் முதலாளி ஒரு திட்டம் எடுக்க வேண்டும், நீங்கள் கிளினிக்கில் 5 வெள்ளி கொடுத்தால் போதும்.

ஆனால் பழைய விடுதிகள் இருக்கின்றனவே, அவற்றை 2030-க்குள் ஓரளவு மாற்ற வேண்டும், 2040-க்குள்தான் முழுக்க மாற்ற வேண்டும் என்று தவணை கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய கேள்வி எந்த விடுதி, எந்த வருடம் கட்டியது, ரூமில் எத்தனை பேர். பதில் வந்ததும் அதே விடுதியில் இருக்கிற நம் ஊர்ப் பையன் யாராவது ஒருவரை வீடியோ கால் போட்டு ரூமைக் காட்டச் சொல்லுங்கள், மனைவியையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், நடமாட்டக் கட்டுப்பாடு. சர்க்கிட் பிரேக்கர் 2020 ஜூன் 1-ல் ஊருக்கெல்லாம் முடிந்தது. விடுதிக்காரர்கள் வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பது 2022 ஜூன் வரை நீடித்தது. இரண்டு வருட வித்தியாசம். அடுத்த முறை இப்படி நடக்காது என்று எனக்கு உறுதி சொல்ல முடியாது. அந்த நாட்டில் உங்களுக்கு ஓட்டு இல்லை, சொந்தமாக வாடகைக்கு இடம் பார்ப்பதும் சுலபம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது, ஆறு மாத வீட்டுச் செலவை மனைவி பேரில் தனியாக வங்கியில் போட்டுவிட்டுப் போவது. நகை அடகு வைக்காமல் முடியுமானால் இன்னும் நல்லது. அந்தப் பணம் சேரும் வரை ஊரில் வேலை பாருங்கள், ஒரு வருடம் தள்ளிப்போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. இப்போது வொர்க் பெர்மிட்டுக்கு இத்தனை வருடம்தான் என்ற உச்சவரம்பையும் 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள், வயது வரம்பும் 63 வரை போய்விட்டது, "இப்போது விட்டால் வயசாகிவிடும்" என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினால் அதற்கு மயங்காதீர்கள். அங்கே போன பிறகு முதலாளி சரியில்லை என்றாலும் ஒரு வழி இருக்கிறது, பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் இருக்கும்போது கட்டுமானத் தொழிலாளி பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பல பேர் தெரியாமல் தவறவிடுகிறார்கள்.

ராத்திரித் தூக்கம் போவதைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள், நான் தாண்டப் போவதில்லை. என்னிடம் சம்பளக் கணக்கு பேச வந்து, ஜன்னல் இல்லாத இடத்தில் உட்கார முடியவில்லை, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கட்டிலில் இருந்தவரை ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள், அடுத்தது நாமா என்று நாள்கணக்கில் காத்திருந்தவர்கள் நீங்கள். அது மனதில் தங்காமல் எப்படி இருக்கும்? புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரை ஒருமுறை பாருங்கள், நேரில் போகக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. தூக்கம் சரியாகாமல் மறுபடி 12 பேர் ரூமுக்குப் போக வேண்டாம், இது என் உறுதியான கருத்து. முடிவை அதற்குப் பிறகு எடுங்கள்.

இனி உங்கள் மச்சான், அவர் விஷயம்தான் அவசரம். மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்றால் கம்பெனி தள்ளாடுகிறது என்று அர்த்தம். அங்கே சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓடியும் வந்தாக வேண்டும். "பிராஜெக்ட் பேமெண்ட் வரட்டும்" என்பதெல்லாம் சட்டத்தில் காரணமே இல்லை. பாஸ் நல்லவர், கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தால் ஒருநாள் காலையில் ஆபீஸ் பூட்டியிருக்கும், பெர்மிட் கேன்சல் என்று மெசேஜ் வரும், அதற்குப் பிறகு வாங்குவது மிகவும் கஷ்டம். இந்த வாரமே டிஏடிஎம் எனப்படும், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் முத்தரப்பு அமைப்பில் புகார் பதியச் சொல்லுங்கள். முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவரவில்லை என்றால் வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும், 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ஐபிஏ, பே ஸ்லிப், டைம் கார்டு படங்கள், வங்கிக் கணக்கில் கடைசியாகச் சம்பளம் விழுந்த பக்கம், இவற்றை எடுத்துக்கொண்டு போகட்டும். பே ஸ்லிப் கொடுக்கவே இல்லை என்றால் அதையும் சொல்லட்டும், கொடுக்காததே தவறு.

ஒரே கம்பெனியில் இன்னும் ஆட்களுக்கு பாக்கி இருந்தால் எல்லோரும் சேர்ந்து போவது நல்லது. எழுதத் தெரியவில்லை, தனியாகப் போகப் பயம் என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது, டிடபிள்யூசி2, ஹோம் போன்ற தொண்டு அமைப்புகள் இருக்கின்றன, சாப்பாட்டுக்கும் வழி செய்து கூடவும் வருவார்கள். புகார் நடக்கும்போது பெர்மிட்டைக் கேன்சல் செய்தாலும் ஸ்பெஷல் பாஸ் என்கிற தற்காலிக அனுமதியில் அங்கே தங்கி முடித்துவிட்டு வரலாம். "டிக்கெட் போட்டுவிட்டேன், ஊருக்குப் போ, பாக்கியை அனுப்பி வைக்கிறேன்" என்று கம்பெனி சொன்னால் ஏர்போர்ட்டுக்குப் போகக் கூடாது. போக வேண்டிய நிலை வந்துவிட்டால் குடிநுழைவு அதிகாரியிடம், எனக்குச் சம்பள பாக்கி இருக்கிறது, நான் போகவில்லை என்று அங்கேயே சொல்ல வேண்டும். ஏறி வந்துவிட்டால் அந்த ஆறு மாதக் கெடு ஊரிலேயே ஓடிவிடும், உங்களுக்கு ஓடிய மாதிரி. இன்றைக்கு ராத்திரி அவர் வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் போன் போடுங்கள்.